‘வயர்தானே’ என்று சொல்லத் தெரியாதவர்

இந்தக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, எங்கள் தொழிற்சாலையின் பொது நிர்வாகி திரு. சபாபதி அவர்களே, பொறியாளர் மன்றத்துப் பொறுப்பாளர்களே, குளுவாங்கிலிருந்து வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தாதியர்களே, முன்வரிசையில் மகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் மீரா பீவி அம்மா அவர்களே, அவர் மருமகன் தம்பி ஹாரூன் அவர்களே, தம்போய் ஊர் மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

என் பெயர் மதிவாணன். பொறியாளர் முனைவர் பஸீலா ருக்னுதீன் அவர்களோடு ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக, பல ஆண்டுகள் வேலை செய்தவன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை அஞ்சாத பெண்மணி என்றார்கள். அன்பினால் சொன்னார்கள். ஆனால், அவையோரே, நான் அறிந்த பஸீலா அஞ்சாதவர் அல்லர். அவர் பயந்தவர்! நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்த இடத்தில் அவர் ஒருவர் பயந்தார். பெட்டி ஓடுகிறது என்று நாங்கள் சிரித்தபோது பயந்தார். சோதனை முடிந்தது என்று நாங்கள் கையைக் கழுவியபோது பயந்தார். அவர் அப்படிப் பயந்ததால்தான் இன்றைக்கு இந்த மண்டபத்தில் சிலர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அவர் என்ன வேலை பார்த்தார்? கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "கரண்ட் பெட்டி செய்றோம் லா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். உண்மையும் அதுதான். மின்சாரம் நின்றுபோனால் பேட்டரியிலிருந்து எடுத்து, மருத்துவக் கருவிகளுக்கு வேண்டிய அளவில் மாற்றிக் கொடுக்கும் பெட்டிகளை நாங்கள் செய்கிறோம். அந்த மாற்றத்தைச் செய்யும் கன்வெர்ட்டர் அதற்குள் இருக்கிறது. கன்வெர்ட்டருக்குள் ஒரு மின்னணுச் சுவிட்ச், நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து திறந்து மூடும். அத்தனை திறப்பையும் மூடலையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்வது வீண்வேலை. பஸீலா அதைச் சராசரியாக்கிச் சமன்பாட்டில் எழுதுவார். எழுதிவிட்டு ஒரு கேள்வி கேட்பார். அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பெட்டியின் மின்னழுத்தத்தை லேசாக, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு லேசாக, அசைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? அந்த அசைவு தேய்ந்து அடங்குமா, இல்லை வளருமா?

அவ்வளவுதான். அவருடைய முனைவர் பட்டமும் அதுதான், பிறகு அவர் பார்த்த வேலை எல்லாமும் அதுதான். இவ்வளவு சின்ன அசைவைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு பாடு என்று நான் கேட்டதுண்டு. "பெரிய அடி விழுந்தா ஃப்யூஸ் போயிடும் அண்ணே, அதுக்கு நம்ம வழி வச்சிருக்கோம். சின்னது உள்ளுக்குள்ளயே வளர்ந்தா யாருக்குத் தெரியும்?" என்றார்.

ஒருமுறை பொந்தியான் மீன்பிடிப் படகுகளுக்காகச் செய்த பெட்டி ஒன்று எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் போனால், இந்த அம்மையார் ஏணி போட்டு ஏறி, கேன்டீன் தகரக் கூரையின் மேல் அந்தப் பெட்டியை வைத்துவிட்டுக் கீழே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்! "நம்ம லேப்ல ஏர்கோன் குளிரு இருக்கு. படகுல இருக்கா?" என்று கேட்டார். வெயிலில் காய்ந்த பெட்டியை லேசாக அசைத்துப் பார்த்தால், அடங்க வேண்டிய அலை அடங்காமல் வெகுநேரம் நடுங்குகிறது. நாங்கள் கேலி செய்தோம். பிறகு கேலியை நிறுத்திவிட்டு உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரை மாற்றினோம்.

இனி குளுவாங்குக்கு வருகிறேன். இதைப் பேசலாமா வேண்டாமா என்று நேற்று நான் திரு. சபாபதி அவர்களிடம் கேட்டேன். "எல்லாத்தையும் பேசு மதி. என்னையும் சேத்துப் பேசு" என்றார். அவருக்கு என் நன்றி.

குளுவாங்கில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு நாங்கள் இந்தக் கரண்ட் பெட்டி கொடுத்தோம். சிறுநீரகம் பழுதானவர்கள் நாற்காலியில் படுத்திருப்பார்கள். ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்ப உடம்புக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால் இயந்திரம் நின்றுவிடும். ரத்தம் குழாய்க்குள்ளேயே நிற்கும். நின்றால் உறையும். அது நடக்கக் கூடாது என்றுதான் எங்கள் பெட்டி.

பேட்டரிகள் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பஸீலா அதை வடிவமைத்தார். திறப்பு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் கட்டட உரிமையாளர், நோயாளிகள் இருக்கும் இடத்தில் பேட்டரி வேண்டாம், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டு, பின்கட்டில் ஒரு தனி அறைக்கு அவற்றை மாற்றச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணம்தான். கூரைக்கு மேலாக நீளமாகக் கேபிள் இழுத்தார்கள். மின்சாரத்தை அணைத்துப் பார்த்தார்கள், பெட்டி ஓடியது. எல்லாருக்கும் திருப்தி.

பஸீலாவுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. ஏன்? சாதாரண விளக்குக்கு வரும் மின்னழுத்தம் குறைந்தால் அது மங்கலாக எரியும், குறைவாகவே மின்னோட்டம் எடுக்கும். நம்முடைய பெட்டி அப்படிப்பட்டதன்று. வெளியே கொடுக்கும் அளவு குறையவே கூடாது என்று நாமே அதற்குக் கட்டளை போட்டிருக்கிறோம். அதனால் உள்ளே வரும் அழுத்தம் குறைந்தால் அது இன்னும் அதிகமாக இழுக்கும். அழுத்தம் கூடினால் குறைவாக இழுக்கும். நீண்ட கேபிளோ மின்னோட்டம் சட்டென்று மாறுவதை விடாது, எதிர்த்து நிற்கும். இவர் இழுக்க, அவர் தடுக்க, இரண்டு பேருக்கும் நடுவில் அழுத்தம் ஏறி இறங்கி ஆடத் தொடங்கும். சுமை குறைவாக இருந்தால் ஆட்டம் அடங்கிவிடும். சுமை கூடக் கூட, அடங்காது. தனித்தனியாகப் பார்த்தால் பெட்டியிலும் குற்றமில்லை, கேபிளிலும் குற்றமில்லை!

அவர் நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"பஸீலா, வெறும் வயர்தானே? நல்ல தடிப்பான வயராத்தான் போட்டிருக்காங்க" என்றார் சபாபதி.

"வயர்தான் சார். கிட்ட இருந்தது தூரம் போயிருச்சு. நான் கணக்குப் போட்டது கிட்ட இருந்ததுக்கு."

"சைட்ல டெஸ்ட் பண்ணாங்களே. ஓடுச்சே."

"அன்னிக்கு நாலஞ்சு மெஷின்தான் போட்டாங்க சார். எல்லா நாற்காலியும் நிறைஞ்சா அது வேற கதை. நான் அளந்து பாக்கணும். அதுவரைக்கும் திறக்க வேணாம்."

"விருந்தாளிங்கள எல்லாம் கூப்பிட்டாச்சும்மா. நோயாளிங்களுக்கும் நாள் கொடுத்தாச்சு. இப்ப போயி நான் என்ன காரணம்னு சொல்றது?"

பஸீலா சொன்னார்: "எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க சார்."

அவையோரே! எத்தனை கூட்டங்களில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்? ஒரு பொறியாளர், முனைவர் பட்டம் வாங்கியவர், மேசை சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருக்க, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி யாராவது கேட்டதுண்டா? இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் இருந்தார். ஆனாலும் விழா நிற்கவில்லை.

விழாவன்று காலையிலேயே அவரும் நானும் குளுவாங் போய்ச் சேர்ந்தோம். அளவுக் கருவிகளை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் பஸீலா நேராகத் தலைமைத் தாதி காளியம்மாவிடம் போனார். காளியம்மா, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

"சிஸ்டர், கரண்ட் போனா இந்தப் பெட்டிய நம்பாதீங்க. மெஷின கையால சுத்தி ரத்தத்தைத் திருப்பி அனுப்பத் தெரியுமா?"

"தெரியும் மேடம், படிச்சிருக்கோம். கைப்பிடியெல்லாம் ஸ்டோர்ல இருக்கு."

"ஸ்டோர்ல வேணாம். ஒவ்வொரு மெஷின்லயும் ஒண்ணு தொங்க விடுங்க. இப்பவே."

"விழா நாள்ல அசிங்கமா இருக்கும் மேடம்..."

"அசிங்கமாவே இருக்கட்டும்."

தொங்கவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் தொங்கவிட்டார்கள். பலூன்களுக்கும் பூக்களுக்கும் நடுவில் இரும்புக் கைப்பிடிகள்!

பிற்பகலில் எல்லா நாற்காலிகளும் நிறைந்திருந்தன. தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற சின்னத்தம்பி ஐயா சன்னலோரம் படுத்திருந்தார். அதோ, அங்கே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். குளுவாங்கில் அப்போது மழைக்காலம். வானம் கறுத்து, இடி விழுந்து, மின்சாரம் போனது.

எங்கள் பெட்டி பேட்டரிக்கு மாறியது. விளக்கு அணையவில்லை. இயந்திரங்கள் ஓடின. விருந்தாளிகள் கை தட்டினார்கள்! சபாபதி அவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தக் கைதட்டலுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய ஊளை. பஸீலாவின் கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் பெட்டியில் மாட்டி வைத்திருந்த ஸ்கோப் என்ற அளவுக் கருவியின் திரையில், அழுத்தத்தைக் காட்டும் கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரியது. விளக்குகள் சிமிட்டத் தொடங்கின.

"அண்ணே, வளருது" என்றார். அதோடு பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்தது. எல்லாம் நின்றது.

என்ன ஒரு அமைதி அது! மழைச் சத்தமும் இயந்திரங்களின் அபாய ஒலியும் மட்டும்தான். குழாய்களுக்குள் சிவப்பு அப்படியே நிற்கிறது. படுத்திருப்பவர்களின் கண்கள் எல்லாம் எங்களையே பார்க்கின்றன.

"சுத்துங்க!" என்று கத்தினார் பஸீலா. "கைப்பிடிய எடுத்து மாட்டுங்க! சுத்துங்க!"

தாதியர்கள் ஓடினார்கள். ஆனால் நாற்காலிகள் அதிகம், தாதியர்கள் குறைவு. விருந்தாளியாக வந்தவர்கள், நோயாளியின் உறவினர்கள் என்று கிடைத்தவர் கையிலெல்லாம் காளியம்மா கைப்பிடியைத் திணித்தார். சின்னத்தம்பி ஐயாவின் இயந்திரத்தைச் சுற்றியவர் யார் தெரியுமா? நம் பொது நிர்வாகி சபாபதி அவர்கள்! கோட்டோடு மண்டியிட்டுச் சுற்றினார். பக்கத்தில் நின்ற காளியம்மா, "மெதுவா சார், மெதுவா. காத்து உள்ள போயிடக் கூடாது. குழாயையே பாத்துக்கிட்டிருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சின்னத்தம்பி ஐயா அவரைப் பார்த்து, "சார், நான் செத்துருவேனா?" என்று கேட்டார். சபாபதி அழுதுகொண்டே சுற்றினார்.

யாரும் சாகவில்லை. எல்லாருடைய ரத்தமும் அவரவர் உடம்புக்குத் திரும்பிப் போனது. அந்தக் கைப்பிடிகள் அன்று பூட்டிய அறைக்குள் இருந்திருந்தால்? இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தால்? நான் அதற்கு மேல் யோசிப்பதில்லை. பஸீலா யோசித்தார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் வண்டியில் அவர் அதைத்தான் யோசித்தார். பெர்மாஸ் ஜெயாவில் அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "நம்ம சொன்னது சரியாப் போச்சு" என்று நான் சொன்னேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். "சரியாப் போனதுல என்ன அண்ணே சந்தோஷம்?" என்றார்.

மையத்தை நிறுத்தி வைத்தோம். பேட்டரியிலிருந்து வரும் கேபிள் பெட்டியைத் தொடும் இடத்தில் பஸீலா ஒரு பெரிய கப்பாசிட்டரும் அதோடு ஒரு ரெசிஸ்டரும் சேர்த்தார். ஆட்டத்தின் சக்தியை அந்த ரெசிஸ்டர் சூடாக மாற்றித் தின்றுவிடும். பெட்டியின் கட்டுப்பாட்டு வேகத்தையும் சற்றுக் குறைத்தார், அவசரப்பட்டு இழுக்காதபடி. பிறகு முழுச் சுமை போட்டுப் பார்க்க வேண்டும். நோயாளிகளை வைத்தா பார்ப்பது? தம்போயில் அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், நடத்திய சாப்பாட்டுக் கடையிலிருந்து டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரப் பாய்லர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடைக்காரர்களிடமும் இரவல் வாங்கினார். நாற்காலிக்கு ஒரு பாய்லர்! மையம் முழுவதும் நீராவி. மின்சாரத்தை வெட்டி வெட்டிப் பார்த்தோம். அவர் அந்தச் சின்ன அசைவைக் கொடுத்தார். கோடு ஒருமுறை துள்ளியது, அடங்கியது. மறுபடியும் கொடுத்தார். அடங்கியது. காளியம்மா கைதட்டினார். பஸீலா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு அடங்குது. கப்பாசிட்டருக்கு வயசாகும் அண்ணே. வந்து வந்து பாக்கணும்" என்றார்.

அன்பர்களே! இவ்வளவுக்கும் பயந்தவர், ஒரே ஒன்றுக்குப் பயப்படவில்லை. உடம்பு கொதிக்க வேலைக்கு வந்தார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். போய் ரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று நான் சொன்னேன், ஹாரூன் சொன்னார், எல்லாரும் சொன்னோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "காய்ச்சல்தானே அண்ணே!" வயர்தானே என்ற சொல்லை வாழ்நாளெல்லாம் பொறுக்காதவர், காய்ச்சல்தானே என்றார்! டெங்கு என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டிருந்தன.

நான் பார்க்கப் போன அன்று அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பேசியை எடுத்துக் காட்டும்படி ஹாரூனைக் கேட்டார். செகாமட்டில் எங்கள் பெட்டி வைத்த இன்னொரு மையம் இருக்கிறது. அங்கே பேட்டரி எங்கே இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். படம் அன்றுதான் வந்திருந்தது.

"கேபிள் மாடிக்குப் போகுது பாருங்க அண்ணே" என்றார்.

"முதல்ல நீங்க நல்லாகி வாங்க. பிறகு போலாம்."

"நான் நல்லாகுறது வேற. கேபிள் வேற. மழை வருதுல்ல அண்ணே..."

அதற்கு மேல் தாதி எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். மறுநாள் பஸீலா மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸா தொழுகை முடிந்து, நல்லடக்கம் முடிந்து, நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். செகாமட் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்போது ஊளையிடும்? எந்த இடிக்கு? எனக்குத் தெரியாது. அளந்து பார்க்காமல் யாருக்கும் தெரியாது. அந்த மையத்திடம் சொன்னோம். இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். மூடுங்கள் என்றால் எங்கள் ஆட்களை எங்கே அனுப்புவது என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தானே? அந்த நோயாளிகள் எங்கே போவார்கள்? சுத்திகரிப்புக்கு ஒரு முறை தவறினாலே மூச்சு முட்டும் ஆட்கள் அவர்கள். எங்கள் அலுவலகத்திலோ, யார் போவது, யார் அவருடைய இடத்தில் பொறுப்பெடுப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் போன நாளிலிருந்து எங்கே இடி இடித்தாலும் நான் கைப்பேசியைப் பார்க்கிறேன். என் பேரப்பிள்ளையின் பொம்மைக் கார் கிறீச்சிட்டால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. அவர் இத்தனை காலம் ஒருவராகச் சுமந்ததன் பாரம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சபாபதி அவர்களே, எல்லாவற்றையும் பேசு என்றீர்கள். அதனால் இந்த மேடையிலேயே கேட்கிறேன். அவருடைய பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். செகாமட்டுக்கு என்னை அனுப்புங்கள். அளந்து முடியும்வரை அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம் என்று நம் நிறுவனத்தின் பெயரால் எழுத்தில் கொடுங்கள். நம் பெயர் கெட்டால் கெடட்டும்.

எழுந்து நிற்கிறீர்கள். சொல்லுங்கள்... "இப்பவே போன் போடுறேன் மதி, கைப்பிடிய எல்லாத்தையும் வெளிய எடுத்து மாட்டச் சொல்றேன்" என்கிறார். அதோ, வாசலுக்குப் போகிறார். நன்றி, ஐயா. நன்றி.

காளியம்மா கை தூக்குகிறார். என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். "நாங்களும் வர்றோம் சார். கையால சுத்துறது எப்படின்னு அங்க உள்ள நர்ஸ் பிள்ளைங்களுக்கு நாங்க காட்டிக் கொடுக்கிறோம்." கேட்டீர்களா, அவையோரே? கேட்டீர்களா, மீரா பீவி அம்மா? உங்கள் மகளுடைய வேலை நிற்கவில்லை.

முனைவர் பஸீலா ருக்னுதீன் அவர்களின் பெயரால் உங்கள் முன்னால் உறுதி சொல்கிறோம். நாங்கள் கொடுத்த ஒவ்வொரு பெட்டியையும் அது நிற்கும் இடத்துக்கே போய், அதன் கேபிளோடும் அதன் முழுச் சுமையோடும் அளந்து பார்ப்போம். ஒருமுறை அல்ல, ஆண்டுதோறும் போவோம். எங்களில் ஒருவர் பயமாக இருக்கிறது என்று சொன்னால், மற்றவர்கள் சிரிக்க மாட்டோம். வேலையை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்போம்.

நாளைக் காலையில் கிளம்பலாம் என்று நினைத்துத்தான் நான் இங்கே வந்தேன். செகாமட் இருக்கும் வடக்குப் பக்கம் வானத்தைப் பாருங்கள், எப்படி இருட்டிக்கொண்டு வருகிறது. நாளை வேண்டாம். கருவிகள் என் வண்டியில்தான் இருக்கின்றன. தம்பி ஹாரூன், கூட்ட முடிவில் துஆ ஓதிப் பிரார்த்திக்கும்வரை எங்களால் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். காளியம்மா, வாங்க, வண்டி பின்பக்கம் நிற்கிறது. நாங்கள் செகாமட்டுக்குப் புறப்படுகிறோம்.